ரோமா குடியிருப்புக்கு ஊழியம் செய்யப் போகும் சகோதரிக்கு

ஜெர்மனியில் வேலை பார்க்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. அவருடைய சபையிலிருந்து ஆகஸ்டில் பத்துப் பேர் இரண்டு வாரத்துக்கு ருமேனியா போகிறார்கள். அங்கே ஏழை ஜிப்சி மக்கள் வாழும் ஒரு குடியிருப்பில் சிறுவர் ஊழியம், துணிமணி விநியோகம், மாலையில் ஜெபக்கூட்டம் என்று திட்டம். "அவர்கள் ஆதியில் இந்தியாவிலிருந்து போனவர்கள்தானே, உங்களைப் பார்த்ததும் ஒட்டிக்கொள்வார்கள்" என்று சொல்லிப் போதகர் இவரையும் அழைக்கிறார். போகலாமா, போனால் அந்த மக்களுக்கு ஏதாவது நன்மை உண்டா, பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று கேட்கிறார். பிறருடைய ஏழ்மையை நம் மனத்திருப்திக்குப் பயன்படுத்திக்கொள்கிறோமோ என்ற சந்தேகம்தான் அவர் மனதை அரிக்கிறது என்று எனக்குப் படுகிறது. நியாயமான சந்தேகம். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் மதுரையில் சமூகப்பணி படித்தவன். பிறகு ஒரு சிறிய கிறிஸ்தவ அமைப்பின் மூலம் ருமேனியாவின் டிரான்சில்வேனியா பகுதிக்குப் போய், ஒரு ரோமா குடியிருப்பில் எட்டு வருடம் வேலை செய்தேன். பிரசங்கம் என் பொறுப்பில் இல்லை. பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவது, பெரியவர்களுக்கு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைவது, இவைதான் என் வேலை. ருமேனிய மொழி நன்றாகப் பேசுவேன். ரோமானி மொழி சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான். ஒரு மாவட்டத்தை ஆழமாகத் தெரியும். மற்ற நாடுகளைப் படித்தும், சில வாரங்கள் போய்ப் பார்த்தும் தெரியும். நானும் விசுவாசிதான். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பெயர். 'ஜிப்சி' என்பது எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் தவறாக நினைத்ததால் ஒட்டிக்கொண்ட சொல். ருமேனியாவில் 'ட்சிகான்' என்பார்கள். அவர்களே தங்களுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்வதுண்டு, ஆனால் வெளியாள் வாயிலிருந்து வந்தால் அது வசவு. 'ரோமா' என்று சொல்லுங்கள். தமிழில் இவர்களை நாடோடிகள் என்றே எழுதுகிறோம், அதுவும் சரியில்லை. ஐரோப்பாவில் ரோமா மக்கள் 1 கோடியிலிருந்து 1.2 கோடி வரை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர், குறிப்பாக கிழக்கு ஐரோப்பாவில், பல தலைமுறைகளாக ஒரே ஊரில் குடியிருப்பவர்கள். நான் இருந்த கிராமத்தில் ரோமா குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையாக அதே ஓடைக்கரையில் வாழ்கிறார்கள். வண்டி கட்டி ஊர் ஊராகச் சுற்றும் கூட்டத்தை எதிர்பார்த்து யாராவது போனால், ஊர்க் கோடியில் பத்திரமில்லாத நிலத்தில் கட்டிய ஓரறை வீடுகளைத்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் இந்தியத் தொடர்பு. இதில் உறுதியானது மொழி. ரோமானி ஓர் இந்தோ-ஆரிய மொழி என்பதை ரூடிகர் என்ற ஜெர்மானிய மொழியறிஞர் 1782லேயே எழுதிவிட்டார். தண்ணீருக்கு 'பானி', மூக்குக்கு 'நாக்', ஆளுக்கு 'மனுஷ்' என்று அவர்கள் சொல்லும்போது நமக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். கடவுளுக்கு 'தேவெல்' என்கிறார்கள். எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது சிலுவைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்: 'த்ருஷுல்'. நம் திரிசூலம்தான். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியப் பகுதியிலிருந்து கிளம்பி, பாரசீகம், அர்மேனியா, பைசாந்தியம் வழியாக வந்த மக்கள், தங்கள் பழைய சொல்லையே புதிய மதத்தின் அடையாளத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். யார் கிளம்பினார்கள், போர்வீரர்களா, இசைவாணர்களா, கொல்லர்களா, ஏன் கிளம்பினார்கள் என்பதெல்லாம் ஊகம். இதில் அடித்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

இந்த உறவை மேடையில் முழங்குவது வேறு, வாழ்க்கையில் அது எவ்வளவு தூரம் வரும் என்பது வேறு. 1971ல் லண்டனில் நடந்த முதல் உலக ரோமா மாநாட்டுக்கு இந்திய அரசும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உதவியிருக்கின்றன. ரோமா கொடியின் நடுவே சக்கரம் இருக்கிறது. கிராமத்துக் கிழவர்கள் என்னைப் பார்த்ததும் ராஜ் கபூர் பெயரைச் சொல்லிக் கட்டிப்பிடிப்பார்கள். முதல் வாரம் கதவு எளிதாகத் திறந்தது உண்மை. ஆனால் ஒரு மாதத்துக்குள் நானும் அவர்களுக்கு ஒரு 'காஜோ' ஆகிவிட்டேன். ரோமா அல்லாதவர் எல்லாருக்கும் அதுதான் பெயர். வெளிநாட்டுப் பணத்தோடு வந்தவன், நினைத்தால் விமானம் ஏறிவிடுபவன் என்று என்னை அளந்தார்கள். அது நியாயமான அளவுதான். "நாங்களும் உங்கள் ரத்தம்" என்று நீங்கள் பேசப்போவதானால், அந்த உறவுக்காக என்ன செய்யத் தயாராக இருக்கிறீர்கள் என்பதையும் யோசித்துவிட்டுப் பேசுங்கள்.

இனி, ஊழியக்குழுக்களுக்குப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தராத வரலாறு. ருமேனியாவின் பழைய சமஸ்தானங்களான வலாக்கியாவிலும் மால்டோவியாவிலும் ரோமா மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். உவமைக்குச் சொல்லவில்லை, வாங்கி விற்கப்பட்ட அடிமைகள். அரசர், பிரபுக்கள், மடங்கள் என மூவகை உடைமையாளர்கள். 1385ல் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தில் வலாக்கியாவின் ஆட்சியாளர் முதலாம் டான் (Dan) என்பவர், 40 ரோமா குடும்பங்களைத் திஸ்மனா மடத்துக்கு உரிமையாக்குகிறார். அங்கிருந்து ஏறக்குறைய 470 வருடம் இது நீடித்தது. திருச்சபையின் அடிமைகளை மால்டோவியா 1844லும் வலாக்கியா 1847லும் விடுவித்தன. தனியார் அடிமைகள் விடுபட்டது 1855, 1856ல். இழப்பீடு உடைமையாளருக்குத்தான் போனது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. ஊர்க் கோடிக் குடிசைகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. திருச்சபைக்கும் இந்த மக்களுக்கும் இருந்த முதல் நீண்ட உறவு உடைமையாளர், உடைமை என்ற உறவு. நம்மில் பலருக்கு இது தெரியாது. அவர்களில் பலருக்கும் விவரமாகத் தெரியாது, ஆனால் அதன் பாரத்தைச் சுமக்கிறார்கள்.

அடுத்தது பிள்ளைகள். ஆஸ்திரியாவையும் ஹங்கேரியையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசி மரியா தெரசா 18ஆம் நூற்றாண்டில் ரோமா பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, கிறிஸ்தவக் குடியானவர் வீடுகளில் வளர்க்க ஆணையிட்டார். 'புதிய ஹங்கேரியர்' என்று பெயரையும் மாற்றினார். பழைய காலத்துக் கொடுமை என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் நார்வே நம் காலத்தது. அங்கே 1897ல் ஒரு பாதிரியார் தொடங்கிய மிஷன், ஊர் சுற்றும் ரோமானி மக்களை நல்வழிப்படுத்துவதைத் தன் பணியாக எடுத்துக்கொண்டது. அரசின் பணமும் அதிகாரமும் அதன் கையில் இருந்தன. சுமார் 1,500 பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து விடுதிகளிலும் வளர்ப்பு வீடுகளிலும் சேர்த்தார்கள். ஸ்வான்விகென் என்ற இடத்தில் குடும்பங்களை அடைத்துவைத்து வேலை பழக்கும் குடியிருப்பு நடந்தது. அங்கிருந்த பெண்கள் பலருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சையும் செய்தார்கள். அந்த மிஷன் கலைந்தது 1980களில்தான். நார்வே அரசு 1998லும் நார்வே திருச்சபை 2000த்திலும் மன்னிப்புக் கேட்டன.

அந்த மிஷனில் வேலை செய்தவர்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. அவர்களும் ஜெபம் பண்ணித்தான் போனார்கள், பிள்ளைகள்மேல் அன்பு என்றுதான் சொன்னார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அதனால்தான் "அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி" என்று யாராவது ருமேனியாவிலோ பல்கேரியாவிலோ திட்டம் சொன்னால், முதலில் அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் உண்டா என்று கேட்கிறேன். பெரும்பாலும் உண்டு. வீட்டில் விறகு இல்லை, அப்பா வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறார், அவ்வளவுதான். விடுதிக்கு ஆகும் செலவில் அந்த வீட்டுக்கு விறகு வாங்கலாம், அம்மாவுக்கு ஒரு வேலை தேடலாம். உங்கள் குழு போகும் இடத்தில் விடுதி இருந்தால் இந்தக் கேள்வியை விடாமல் கேளுங்கள்.

நாஜிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட ரோமா மக்களின் எண்ணிக்கையை இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை பலவிதமாக மதிப்பிடுகிறார்கள். ஹிட்லரோடு கூட்டுச் சேர்ந்திருந்த ருமேனியாவின் அன்டொனெஸ்கு அரசு 1942ல் சுமார் 25,000 பேரை, அப்போது அது பிடித்துவைத்திருந்த ட்ரான்ஸ்னிஸ்ட்ரியா என்ற பகுதிக்கு நாடு கடத்தியது. ஏறக்குறைய 11,000 பேர் பசியிலும் குளிரிலும் டைபஸ் காய்ச்சலிலும் செத்தார்கள். சீருடை போட்டவர் யாராவது பெயர் எழுத வந்தால் எங்கள் கிராமத்துப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளை ஒளித்துவைத்ததற்கு இதுதான் காரணம். கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் 'கணக்கெடுப்பு' செய்யும் ஊழியக்குழுக்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு கறுப்பு வரலாற்றுக்குப் பிறகும் லட்சக்கணக்கான ரோமா மக்கள் இன்று உயிர்ப்பான விசுவாசிகளாக இருக்கிறார்களே, எப்படி? இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 1950ல் பிரான்சின் லிசியூ நகரில், சாகக் கிடந்த தன் மகன் ஒரு போதகரின் ஜெபத்தால் பிழைத்தான் என்று ஒரு ரோமா தாய் சாட்சி சொன்னார். அவர் குடும்பத்தில் பற்றிய அந்தத் தீ, வடமேற்கே பிரிட்டானிப் பகுதியில் கிளெமன் லெ கொசெக் என்ற பெந்தெகொஸ்தே போதகரிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பையன் எதனால் குணமானான் என்று மருத்துவ ரீதியாக நான் சாதிக்கப்போவதில்லை. அது அந்தக் குடும்பத்தின் சாட்சி. சாதிக்கக்கூடியது அதற்குப் பின் நடந்ததை. லெ கொசெக் அவர்களுக்குத் தானே நிரந்தரப் போதகராக உட்கார்ந்துவிடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கேரவன்வாசிகளுக்குப் பைபிளை வைத்தே எழுத்து சொல்லிக்கொடுத்து, அவர்களுக்குள்ளிருந்தே போதகர்களை எழுப்பினார். அவர்கள் தங்கள் கிதாரோடும் தங்கள் மெட்டோடும் பாடினார்கள். குடும்பம் குடும்பமாகச் செய்தி பரவியது. அந்த இயக்கம் 1975ல் பிரான்சின் புராட்டஸ்டன்ட் கூட்டமைப்பில் முழு உறுப்பினரானது. இன்றும் ஜியன் நகருக்கு அருகே அவர்கள் கூடும்போது ஆயிரக்கணக்கான கேரவன்கள் வந்து நிற்கின்றன.

ஸ்பெயினிலும் அதே பாடம். பிரான்சுக்குத் திராட்சை அறுவடைக்குப் போன ஹிதானோக்கள், அதாவது ஸ்பெயினின் ரோமா மக்கள், அங்கே கேட்டதை 1960களில் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம், 1969ல் 'பிலதெல்பியா' என்ற பெயரில் சபையைப் பதிவு செய்தார்கள். போதகர்கள் ஹிதானோக்கள், ஆராதனையில் ஃபிளமெங்கோ மெட்டு. 1980களில் ஹெராயின் போதை அந்தக் குடியிருப்புகளைச் சூறையாடியபோது, பிள்ளைகளைக் காப்பாற்றத் தாய்மார்கள் ஓடிய இடம் இந்தச் சபைகள். பல்கேரியாவில் இன்னும் முன்னாலேயே, லோம் நகரை ஒட்டிய கொலின்ட்சி கிராமத்தில் 1920களிலேயே ரோமா பாப்டிஸ்ட் சபை ஒன்று இருந்தது. அங்கேயும் முன்நின்றவர்கள் ரோமா மக்களே. நான் பார்த்தும் படித்தும் அறிந்தவரை, சபை வேர் பிடித்த இடங்களில் வெளியார் சீக்கிரமே பின்வரிசைக்குப் போயிருக்கிறார்கள்.

ருமேனியாவில் கம்யூனிச ஆட்சியைக் கவிழ்த்த 1989 புரட்சிக்குப் பிறகு வெளிநாட்டு மிஷனரிகள் நிறையப் பேர் வந்தார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் பார்க்கப்போகும் ரோமா மக்களில் பெரும்பாலோர் தலைமுறை தலைமுறையாக ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சுவரில் மாதா படம் இருக்கும், ஈஸ்டருக்கு முட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசுவார்கள். கிறிஸ்துவைக் கேள்விப்படாதவர்கள் என்று நினைத்துப் பேசினால் அவர்களை அவமானப்படுத்துவீர்கள். மனந்திரும்பிப் பெந்தெகொஸ்தே அல்லது பாப்டிஸ்ட் சபையில் சேர்பவர்களை ஊரில் 'பொக்காயிட்' என்பார்கள், மனந்திரும்பியவர் என்று பொருள். கேலியாகவும் சொல்வார்கள், மரியாதையாகவும் சொல்வார்கள். அவர்களுக்குள் 'சகோதரன்', 'சகோதரி' என்று கூப்பிட்டுக்கொண்டு, சந்தித்ததும் "பாச்சே", அதாவது "சமாதானம்" என்பார்கள். நம் ஊர்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று வீட்டு நினைவைக் கொண்டுவரும்.

பொக்காயிட் ஆனதால் வாழ்க்கை மாறுகிறதா? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். குடி நின்றது. சம்பளம் வீட்டுக்கு வந்தது. வட்டிக்காரனிடம் போவது குறைந்தது. பாட்டுப் புத்தகம் படிக்கவேண்டும் என்பதற்காகவே நாற்பது வயதுப் பெண்கள் எழுத்து கற்றார்கள். பக்கத்து ஊர்க் கடைக்காரர் "அவன் பொக்காயிட், கடன் கொடுக்கலாம்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். ரோமா ஒருவனைக் குறித்து அந்த ஊரில் அப்படி ஒரு வார்த்தை வருவது சின்ன விஷயம் இல்லை. சந்தேகத்துக்குரியது எது என்றால், இதனால் வறுமை ஒழிகிறதா என்பது. குடிக்காத, நேர்மையான, பைபிள் படிக்கிற ரோமா இளைஞனும் வேலை கேட்டுப் போனால் முகத்தைப் பார்த்தே "ஆள் எடுத்துவிட்டோம்" என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021ல் எடுத்த ஆய்வில் ரோமா மக்களில் 80 சதவீதம் பேர் வறுமை அபாயத்தில் இருந்தார்கள். ஒன்றியத்தின் சராசரி 17 சதவீதம். இந்த இடைவெளி அவர்கள் நடத்தையால் மட்டும் வந்ததென்றால், நடத்தை மாறிய வீடுகளில் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

எண்ணிக்கைகளையும் நம்பாதீர்கள். கோடைதோறும் எங்கள் கிராமத்துக்கு மூன்று நான்கு குழுக்கள் வரும். கடைசி நாள் கூட்டத்தில் "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்பார்கள். ஒரு மூதாட்டி ஒவ்வொரு குழுவுக்கும் கை உயர்த்துவார். அவர் ஏற்கெனவே பத்து வருடமாகச் சபையில் இருப்பவர். ஏன் என்று கேட்டேன். "அவ்வளவு தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள், வெறுங்கையோடு அனுப்பலாமா?" என்றார். அவருக்கு அது விருந்தோம்பல். அந்தக் கைகள் எல்லாம் எங்கெங்கோ அறிக்கைகளில் 'இரட்சிக்கப்பட்ட ஆத்துமாக்கள்' ஆகியிருக்கும்.

என் பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். இரண்டாவது குளிர்காலத்தில் நன்கொடையாகக் குளிர்காலக் காலணிகள் வந்தன. பனியில் பிள்ளைகள் ரப்பர் செருப்போடு நடப்பதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வாசலில் வைத்துக் கொடுத்தேன், எல்லாரும் ஓரிடத்தில் இருப்பார்களே என்ற வசதிக்காக. அடுத்த ஞாயிறு கூட்டம் மும்மடங்கு ஆனது. வசந்தம் வந்து காலணியும் தீர்ந்ததும் பழைய முப்பது பேர்தான் மிச்சம். அங்கிருந்த போதகர் பழைய இரும்பு பொறுக்கி விற்றுப் பிழைக்கும் ரோமா மனிதர். என்னைக் கடிந்துகொள்ளவில்லை, இப்படித்தான் சொன்னார்: "தம்பி, நீ ஒருநாள் போய்விடுவாய். இனிமேல் நான் ஒரு வீட்டுக்கு ஜெபிக்கப் போனால், அவர்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், கையைப் பார்ப்பார்கள்." அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து காலணிகளைப் பள்ளி ஆசிரியை மூலம், சபைக்கு வருபவர் வராதவர் என்று பார்க்காமல், பிள்ளையின் கால் அளவை மட்டும் பார்த்துக் கொடுத்தோம். கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை. ஆராதனையோடு முடிச்சுப் போடாமல் கொடுக்கவேண்டும்.

வெளிப்பணம் போதகர்களையும் சோதிக்கும். ஒரு வெளிநாட்டுச் சபை மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கினால், அந்தப் போதகர் தன் மக்களைச் சந்திப்பதைவிட அந்தச் சபைக்கு அறிக்கை எழுதுவதில் அதிக நேரம் செலவிடுவார். பணம் நின்றால் சபை உடையும். இரண்டு அமைப்புகள் இரண்டு போதகர்களை ஆதரித்து ஒரே தெருவை இரண்டாகப் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். சிறுவயதுத் திருமணம், பெண்களின் படிப்பு போன்ற விஷயங்களில் ரோமா சபைகள் என்ன நிலை எடுக்கின்றன என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. பதினெட்டுக்கு முன் கல்யாணம் செய்து வைக்கமாட்டேன் என்று உறுதியாக நிற்கும் போதகரையும் தெரியும், கண்டும் காணாமல் விடுபவரையும் தெரியும். இதில் வெளியார் இரண்டு வாரத்தில் புத்தி சொல்லி எதுவும் மாறியதை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, எனக்குக் கோபம் வரும் இடம். 2010 டிசம்பர் 17 அன்று, கடும் குளிரில், ருமேனியாவின் க்ளூஜ் நகரின் நடுவே கொஸ்தேய் தெருவில் இருந்த 76 ரோமா குடும்பங்களை நகர நிர்வாகம் வெளியேற்றி, பாதா ராத் என்ற இடத்தில் நகரக் குப்பைமேட்டுக்கு அருகே கொண்டுபோய் விட்டது. பிள்ளைகளுக்கு நகரத்துப் பள்ளி தூரமாயிற்று, மூச்சுக் கோளாறு வந்தது. அங்கே நல்ல மனதோடு சூப்பும் போர்வையும் கொண்டுபோன கிறிஸ்தவர்கள் உண்டு. அவர்களை மதிக்கிறேன். ஆனால் குப்பைமேட்டில் போர்வை கொடுப்பதோடு நின்றால், அந்த மக்கள் குப்பைமேட்டில் இருப்பது சரிதான் என்று ஆகிவிடுகிறது. பள்ளியிலும் இதே கதை. செக் நாட்டின் ஒஸ்ட்ராவாவைச் சேர்ந்த 18 ரோமா பிள்ளைகளை, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான தனிப் பள்ளிகளில் சேர்த்த வழக்கில், அது பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007ல் தீர்ப்புச் சொன்னது. ஞாயிறு பள்ளியில் பாட்டு சொல்லித்தருகிற நாம், திங்கட்கிழமை அந்தப் பிள்ளை எந்த வகுப்பறையில் உட்காருகிறது என்று கேட்காமல் இருக்கமுடியாது.

கத்தோலிக்கத் தரப்பிலும் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஸ்பெயினைச் சேர்ந்த ஹிதானோ குதிரை வியாபாரி செஃபரினோ ஹிமெனெஸ் மாய்யா, 1936ல் உள்நாட்டுப் போரின்போது கொல்லப்பட்டவர். 1997ல் முக்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். 2019 ஜூன் 2ஆம் தேதி ருமேனியாவின் பிளாஜ் நகரில் போப் பிரான்சிஸ் ரோமா மக்கள் முன் நின்று, திருச்சபையின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். எங்கள் பெந்தெகொஸ்தே போதகர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சரி, நீங்கள் போகலாமா? ஏற்பாட்டாளரிடம் சில கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அந்தக் குடியிருப்பில் ரோமா போதகரோ ரோமா ஊழியரோ இருக்கிறாரா, குழுவை அழைத்தது அவரா? உங்கள் குழு போன பிறகு அங்கே தொடர்ந்து இருப்பவர் யார்? இதே ஊருக்கு எத்தனை வருடமாகப் போகிறார்கள்? பிள்ளைகளின் படங்களை யார் அனுமதியோடு, எங்கே போடுகிறார்கள்? கடைசிக் கேள்விக்கு "அங்கெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள்" என்று பதில் வந்தால் நீங்கள் போகவேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் மகளின் அழுக்கு முகத்தை யாராவது படமெடுத்து நிதி திரட்டினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பதில்கள் நேர்மையாக இருந்தால் போங்கள். போய் அதிகம் கேளுங்கள், குறைவாகப் பேசுங்கள். வீட்டில் காப்பி கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். காஜோக்கள் ரோமா வீட்டுக் கோப்பையில் குடிக்க அருவருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் நீங்கள் குடிப்பதைக் கவனிப்பார்கள்.

அதற்கு முன், நீங்கள் இருக்கும் ஊரிலேயே தேடிப் பாருங்கள். ருமேனிய ரோமா மக்கள் ஜெர்மனியில் அஸ்பாரகஸ் வயல்களிலும் கட்டட வேலையிலும் துப்புரவு வேலையிலும் இருக்கிறார்கள். பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதியில் ஹார்ட்சர் தெருவில், புக்கரெஸ்டுக்கு அருகே உள்ள ஃபிந்தினெலே கிராமத்திலிருந்து வந்த ரோமா குடும்பங்கள் எலிகள் ஓடும் சிதைந்த கட்டடங்களில் நெருக்கியடித்து வாழ்ந்தன. அவர்களில் பலர் பெந்தெகொஸ்தே விசுவாசிகள். 2011ல் கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சொந்தமான ஒரு வீட்டுவசதி நிறுவனம் அந்தக் கட்டடங்களை வாங்கிப் பழுது பார்த்தது. குடியிருந்தவர்களை வெளியேற்றவில்லை, முறையான வாடகை ஒப்பந்தம் கொடுத்தது. நாஜிக் காலத்தில் சின்டி மக்களை, அதாவது ஜெர்மனியில் நெடுங்காலமாக வாழும் ரோமா உறவினத்தாரை, காப்பாற்ற முயன்ற அர்னால்ட் ஃபோர்ட்டுயின் என்ற குருவானவரின் பெயரை வீட்டுக்கு வைத்தது. யாரையும் கத்தோலிக்கராக்க முயலாமல் செய்த இந்த வேலையை நான் மிஷனரிப் பணி என்றுதான் சொல்வேன். உங்கள் நகரத்திலும் ஞாயிறு மதியம் ஏதாவது வாடகை மண்டபத்தில் ருமேனிய மொழியில் ஓர் ஆராதனை நடக்கலாம். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். உங்களுக்கு ஜெர்மன் தெரியும். அலுவலகக் கடிதம் படிக்க, பள்ளியில் பேச, மருத்துவரிடம் போக அவர்களுக்கு ஆள் தேவை. இரண்டு வாரப் பயணத்துக்கு நீங்கள் செலவிடும் விடுமுறையை மாதம் ஒரு சனிக்கிழமை என்று பிரித்துக் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுதும் துணை இருக்கலாம்.

பிள்ளைகளுக்கு என்ன வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். சாக்லேட், பொம்மை, பழைய துணி மூட்டை எதையும் இப்போதே வாங்காதீர்கள். அங்கிருக்கும் போதகரிடமோ ஆசிரியையிடமோ கேளுங்கள், அவர்கள் கேட்பதை மட்டும் கொண்டுபோங்கள், அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை ஊருக்கு வந்து திரும்பும்போது என்ன வேண்டும் என்று எங்கள் போதகரிடம் கேட்டேன். அவர் எழுதி அனுப்பிய சீட்டு இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. வாசிப்புக் கண்ணாடி, பிளஸ் இரண்டில் நான்கு, பிளஸ் இரண்டரையில் ஆறு. பக்கத்திலேயே எந்தக் கண்ணாடி எந்தச் சகோதரிக்கு என்று ஒவ்வொருவர் பெயரும் எழுதியிருந்தது.